ஃபுமாய் பிரபுவை அறிய: ஒரு கிண்ணம் தேநீரிலிருந்து தொடங்கும் வழி

ஜப்பானின் குறுநில மன்னர்களை டைமியோ என்பார்கள். அவர்களில் பலரை நாம் வாளோடும் கவசத்தோடும்தான் பார்த்திருக்கிறோம். மட்சுதாய்ரா ஹருசாதோ அந்த வரிசையில் சேராதவர். இசுமோ நாட்டில் மட்சுவே பிரதேசத்தின் ஏழாம் பிரபு. 1751இல் பிறந்து 1818இல் மறைந்தார். அவர் பிறந்தபோது ஜப்பானில் பெரும்போர்கள் ஓய்ந்து நூறாண்டுக்கு மேல் ஆகியிருந்தது. ஃபுமாய் என்ற தேநீர்ப் பெயரில்தான் ஊர் அவரை இன்றும் நினைக்கிறது.

அவரைப் படிக்கப் புதிதாக வருபவர்கள் ஆண்டுவாரியான வரலாற்றை எடுத்துக்கொண்டு உட்கார்ந்து, பெயர்க் குழப்பத்திலேயே சலித்துப் பாதியில் மூடிவிடுகிறார்கள். ஃபுமாயின் கலை கண்ணிலும் கையிலும் இருந்தது. பொருளை எடைபோடும் கண், தேநீர் அடிக்கும் கை. ஆகவே முதலில் கொஞ்சம் கணக்கு, பிறகு ஒரு கிண்ணம் தேநீர், அதன் பிறகு பொருள்கள், கடைசியில் ஊர் என்று போனால் வாழ்க்கை தானாகவே விளங்கும்.

பெயரையும் தேதியையும் நேராக்குங்கள்

ஒரே ஆளுக்குக் குறைந்தது ஐந்து பெயர்கள். குழந்தையாக இருந்தபோது ட்சுருதாரோ. வயதுக்கு வந்த சடங்கின்போது, ஜப்பானை ஆண்ட படைத்தலைவரான ஷோகுன் இயெஹருவின் பெயரிலிருந்து ‘ஹரு’ என்ற எழுத்தைப் பெற்று ஹருதகா ஆனார், பிறகு ஹருசாதோ. அரசுப் பட்டத்தைக் கொண்டு தேவா நோ கமி என்றும், நாட்டின் பெயரைக் கொண்டு உன்ஷூ பிரபு என்றும் ஆவணங்கள் குறிக்கும். உன்ஷூ என்பது இசுமோவின் இன்னொரு பெயர்தான். 1806இல் பட்டத்தை மகனிடம் ஒப்படைத்துத் தலையை மழித்துக்கொண்ட பிறகு ஃபுமாய் என்பதே வழக்கமான பெயர் ஆயிற்று. ஒரு தாளின் மேல் இந்தப் பெயர்களை எழுதிப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள். அருங்காட்சியகத்தில் ஒரு கிண்ணத்தின் அருகே ‘உன்ஷூ மட்சுதாய்ரா குடும்பம்’ என்று எழுதியிருந்தால், பெரும்பாலும் அது இவர் கைக்கு வந்த பொருளாக இருக்கும்.

ஃபுமாய் என்ற சொல் ஒரு ஸென் பௌத்தக் கேள்வியிலிருந்து வந்தது. ஞானி வினைப்பயனுக்கு உட்படுவானா மாட்டானா என்று கேட்கும் நரிக் கதை அது. அதில் வரும் விடை, அவன் வினைப்பயனைக் கண்மறைத்துக்கொள்ள மாட்டான் என்பது. ‘மறைக்காத’, ‘மங்காத’ என்று அந்தச் சொல்லைத் தமிழில் கொள்ளலாம்.

தேதியில் இரண்டு கண்ணிகள் உண்டு. பழைய ஜப்பானிய முறையில் பிறந்தவுடனே வயது ஒன்று. ஒவ்வொரு புத்தாண்டிலும் ஒன்று கூடும். அவர் 17 வயதில் 1767இல் பட்டமேறினார் என்று படித்தால், நம் கணக்கில் 16. அடுத்தது மாதம். அவர் மறைந்தது புன்சேய் என்ற சகாப்தத்தின் முதலாம் ஆண்டில், நான்காம் மாதம் 24ஆம் நாள். அதை ஏப்ரல் 24 என்று மாற்றிவிடுவது வழக்கமான பிழை; நம் நாட்காட்டியில் அது 1818 மே 28.

கடன் கணக்கைத் தவிர்க்காதீர்கள்

மட்சுவேயின் மதிப்பு 1,86,000 கொகு. ஒரு கொகு என்பது சுமார் 180 லிட்டர் அரிசி, எடையில் 150 கிலோ அளவு. ஓர் ஆளின் ஓராண்டுச் சாப்பாடு என்று கொள்வார்கள். இந்த எண் பிரதேசத்தின் மொத்த விளைச்சல் மதிப்பீடு. பிரபுவின் கைக்கு வரும் வருமானம் அல்ல. இதைக் கலந்துவிட்டால் அடுத்து வரும் எந்தக் கணக்கும் பொருந்தாது.

தந்தை முனேனொபு பட்டத்தை விட்டபோது பிரதேசத்தின் கடன் கிட்டத்தட்ட 5 லட்சம் ரியோ. ரியோ என்பது அக்காலத் தங்க நாணயம். இளம் பிரபுவின் பெயரில் சீர்திருத்தத்தை நடத்தியவர் மூத்த அமைச்சர் அசாஹி தன்பா. ஆள்குறைப்பு, பழைய கடன்களை முறித்தல், செலவைச் சுருக்குதல் என்று கடுமையாகப் போனார். பிறகு ஜின்செங் வேரும் மெழுகும் இரும்பும் வெளியே விற்றுப் பணம் வந்தது. ஷின்ஜி ஏரியின் வெள்ளத்தைக் கடலுக்குத் திருப்ப 1785 முதல் 1787 வரை சாதா ஆற்றைத் தோண்டினார்கள். கடன் முழுவதும் தீர ஏறக்குறைய எழுபது ஆண்டுகள் ஆயின. அதாவது ஃபுமாய் விலையுயர்ந்த கிண்ணங்களை வாங்கிய காலம் முழுவதும் கடன் ஓடிக்கொண்டுதான் இருந்தது. ‘தேநீருக்காக நாட்டை விற்றவர்’ என்றும் ‘நாட்டை மீட்ட மகான்’ என்றும் இரண்டு விதமாக எழுதுகிறார்கள். இரண்டுமே பாதிதான். சீர்திருத்தத்தின் சுமை உழவர் தோளில் இறங்கியது என்பதையும், மீண்ட பணத்தில் ஒரு பகுதி கைவினைஞர் வீடுகளுக்குப் போனது என்பதையும் சேர்த்து வைத்துப் பார்க்க வேண்டும்.

அவரே 1770இல், பழைய கணக்கில் இருபது வயதில், ‘முதகோதோ’ என்று ஒரு சிறு நூல் எழுதினார். வீண்பேச்சு என்று பொருள். பொருள் சேர்ப்பதில் மயங்கும் தேநீர்க்காரர்களை அதில் கண்டித்து, தேநீர் என்பது ‘போதும் என்று அறியும் வழி’ என்றார். பிற்காலத்தில் ஜப்பானின் மிகப் பெரிய தேநீர்ச் சேகரிப்புகளில் ஒன்றுக்கு அவரே உரியவரானார். இந்த முரணை யாரும் தீர்த்துவைக்கத் தேவையில்லை. படிக்கும்போது இரண்டையும் நினைவில் வைத்திருந்தால் போதும்.

ஒரு கிண்ணம் உசுச்சா என்னும் மென்தேநீர்

பதினெட்டு வயதளவில் அவர் செகிஷூ மரபில் தேநீர் கற்றார். அந்த மரபைத் தொடங்கிய கதகிரி செகிஷூவும் ஒரு டைமியோதான். நான்காம் ஷோகுனுக்குத் தேநீர் ஆசானாக இருந்தவர். ஃபுமாய் அதில் தன் ரசனையைச் சேர்த்து வளர்த்தது இன்று ஃபுமாய் மரபு என்று நடக்கிறது. மரபின் அசைவுகளை ஆசிரியர் முன் உட்கார்ந்துதான் கற்க முடியும். ஆனால் மட்சுவேயில் சாதாரண வீடுகளிலும் சடங்கு எதுவும் இல்லாமல் மாச்சா அடித்துக் குடிக்கிறார்கள். அந்த அளவு யாருக்கும் கைவரும்.

தேவையானவை: மாச்சாத் தூள், மூங்கிலில் சீவிய சாசென் என்னும் அடிப்பான், சிறு சல்லடை, வாய் 12 செ.மீ. அளவு அகன்ற கிண்ணம், சுத்தமான பருத்தித் துணி. சாஷகு என்னும் மூங்கில் கரண்டி இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் டீஸ்பூன் போதும். அடிப்பானுக்கு மட்டும் மாற்று தேடாதீர்கள். பால் நுரைக்கும் மின்கருவி பெரிய பெரிய குமிழிகளைத்தான் தரும். முள்கரண்டி எதையும் தராது. நாரா மாகாணத்தின் தகயாமாவில் செய்தவை பெயர்பெற்றவை. தொடங்குபவருக்கு 80 அல்லது 100 இழை உள்ளது சரி.

தூள் வாங்கும்போது, சமையலுக்கு என்று விற்பதைத் தவிருங்கள். வெறும் பச்சைத் தேயிலையைப் பொடித்ததும் மாச்சா ஆகாது. நிழல் கட்டி வளர்த்த இலையைக் கல்லில் அரைத்ததுதான் மாச்சா. நிறம் புல்லின் இளம்பச்சையாக இருக்கும். மஞ்சளோ பழுப்போ தட்டினால் பழசு. சிறு டப்பாவாக வாங்கி, திறந்த ஒரு மாதத்துக்குள் முடித்துவிடுங்கள். ஃபிரிட்ஜில் வைத்தால், வெளியே எடுத்தவுடன் திறக்கக் கூடாது. டப்பா அறைச் சூட்டுக்கு வந்த பிறகு திறக்க வேண்டும். இல்லாவிட்டால் ஈரம் கோத்து முழுத் தூளும் கட்டி தட்டிவிடும்.

1. தண்ணீரைக் கொதிக்கவைத்து, ஒரு டம்ளருக்கும் பிறகு இன்னொரு டம்ளருக்கும் மாற்றுங்கள். ஒவ்வொரு மாற்றத்துக்கும் பத்து டிகிரி அளவு இறங்கும். 80 டிகிரிக்கு வந்தால் போதும்.

2. கிண்ணத்தில் கொஞ்சம் வெந்நீர் ஊற்றி, அடிப்பானின் நுனியை அதில் அரை நிமிடம் நனையவிடுங்கள். கிண்ணம் சூடேறும், மூங்கில் இழையும் வளைய இடம் கொடுக்கும்.

3. நீரைக் கொட்டிவிட்டு, கிண்ணத்தின் உள்ளே ஈரம் இல்லாமல் துடையுங்கள். இந்த ஒரு படியைத் தாண்டுவதால்தான் பலருக்குத் தூள் அடியில் ஒட்டிக்கொள்கிறது.

4. 2 கிராம் மாச்சாவைச் சல்லடை வழியாகக் கிண்ணத்தில் இறக்குங்கள். தலைதட்டிய ஒரு டீஸ்பூன், அல்லது சாஷகுவில் குவித்து இரண்டு முறை.

5. முதலில் ஒரு ஸ்பூன் நீர் விட்டுத் தூளைக் குழைத்துக்கொண்டு, மொத்தம் 70 மி.லி. ஆகும்வரை ஊற்றுங்கள்.

6. இடக்கையால் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு, அடிப்பானை அடித்தளத்திலிருந்து ஒரு மயிரிழை தூக்கிய நிலையில், முன்னும் பின்னும் வேகமாக அடியுங்கள். அசைவு மணிக்கட்டிலிருந்து வர வேண்டும், தோளிலிருந்து அல்ல. 15 முதல் 20 விநாடி. வட்டமாகக் கலக்கினால் நுரை எழாது.

7. நுரை எழுந்ததும் அடிப்பானை மேல்மட்டத்துக்குக் கொண்டுவந்து, மெதுவாகப் பெரிய குமிழிகளை உடைத்து, நடுவிலிருந்து நேராகத் தூக்குங்கள்.

கசந்தால் நீர் சூடு அதிகம். நுரை வராமல் போனால் பெரும்பாலும் நீர் கூடிப்போயிருக்கும், அல்லது தூள் பழசு. இழைகள் உடைந்தால் நனைக்காமல் அடித்திருப்பீர்கள், அல்லது அடியில் அழுத்தியிருப்பீர்கள். அடிப்பானை சோப்புப் போட்டுக் கழுவக் கூடாது. வெந்நீரில் அலசி, காற்றில் உலரவிடுங்கள். வாங்கியபோது வந்த பிளாஸ்டிக் குப்பியில் ஈரத்தோடு திருப்பி வைப்பதால்தான் பூஞ்சை பிடிக்கிறது.

இதைவிட அடர்ந்தது கொய்ச்சா. ஓர் ஆளுக்கு 4 கிராம் தூள், நீர் 40 மி.லி.க்குள். அடிப்பது இல்லை, பிசைவது போல மெல்லக் குழைப்பது. உசுச்சா கைவந்து சில வாரம் ஆகட்டும். சாதாரணத் தூளில் கொய்ச்சா செய்தால் வாயில் வைக்க முடியாது.

இனிப்பு முதலில், தேநீர் பிறகு. இனிப்பை முழுவதும் தின்று முடித்துவிட்டே கிண்ணத்தை எடுப்பது முறை. மட்சுவேயின் இனிப்புகளில் மூன்றின் பெயர்கள் ஃபுமாயின் பாடல்களோடு சேர்த்துச் சொல்லப்படுபவை. வககுசா என்றால் இளம்புல்: ஒட்டும் அரிசி மாவும் சர்க்கரையும் சேர்ந்த மெத்தென்ற கட்டி, மேலே பச்சைப் பொடி. மழை வருமுன் தோகனோ மலையின் இளம்புல்லைக் கொய்து வருவோம் என்பது பாடலின் கருத்து. தோகனோ ஜப்பானின் பழந்தேயிலைத் தோட்டம் இருந்த இடம். ஆக, புல் என்று சொல்வது தேயிலைத் துளிரைத்தான். யமகவா சிவப்பும் வெள்ளையுமாக வரும் ஈரப்பதமான சர்க்கரைக் கட்டி. கத்தியால் வெட்டாமல் கையால் உடைப்பார்கள், உடைந்த விளிம்பின் சொரசொரப்பும் ரசிக்க வேண்டியது. நதனே நோ சாதோ மஞ்சள் கடுகுப்பூ வயல்; வெள்ளை அரிசிப் பொரி பட்டாம்பூச்சி. இவை கிடைக்காத இடத்தில் நெய்யும் ஏலக்காயும் இல்லாத ஏதாவது ஓர் இனிப்பை வைத்துக்கொள்ளுங்கள். அந்த இரண்டு மணமும் மாச்சாவை அமுக்கிவிடும்.

அவர் போட்ட பட்டியல்

இங்கேதான் ஃபுமாயின் தனித்தன்மை. அவருக்கு முன்பும் பணக்காரர்கள் சேகரித்தார்கள். அவரைப் போல யாரும் எழுதிவைக்கவில்லை. 1789இலிருந்து 1797க்குள் ‘கோகோன் மெய்புட்சு ருய்ஜூ’ என்ற நூலை 18 தொகுதிகளாக அச்சிட்டார். புகழ்பெற்ற தேநீர்ப் பொருள்களின் படம், அளவு, யாரிடம் இருக்கிறது என்ற விவரம் எல்லாம் அதில் உண்டு. அதுவரை இந்த அறிவு ஆசான்களின் ரகசியமாக இருந்தது.

அவருடைய சொந்தச் சேகரிப்பின் பட்டியல் ‘உன்ஷூ குராச்சோ’. அதில் பொருள்கள் தரவரிசையில் வரும்: பொக்கிஷம், ஓமெய்புட்சு, சூகோ மெய்புட்சு, அவற்றுக்கு இணையானவை, பிறகு மேல், நடு, கீழ். புதியவர் இரண்டு சொற்களை மட்டும் பிடித்துக்கொண்டால் போதும். ஓமெய்புட்சு என்பது பெரும் தேநீர் ஆசான் ரிக்யூவின் காலத்துக்குள்ளேயே, அதாவது 16ஆம் நூற்றாண்டுக்குள், புகழ்பெற்றுவிட்ட பொருள். சூகோ மெய்புட்சு என்பது கோபோரி என்ஷூ தேர்ந்து பெயர் சூட்டியவை. என்ஷூ (1579–1647) ஃபுமாய் பெரிதும் மதித்த இன்னொரு டைமியோ. கியோத்தோவில் அவர் எழுப்பிய கோஹோ-ஆன் என்ற கோயில் 1793இல் எரிந்தபோது, மீண்டும் எழும்பக் கைகொடுத்தவர் ஃபுமாய்.

‘கோகோன் மெய்புட்சு ருய்ஜூ’வின் 18 தொகுதிகளில் இரண்டு முழுக்க முழுக்கத் துணிகளுக்கு. தூள் வைக்கும் சிறு ஜாடிக்கு ஷிஃபுகு என்ற பட்டுப் பை தைப்பார்கள். அந்தப் பையின் துணி எந்த நாட்டிலிருந்து வந்தது, என்ன நெசவு என்பதும் பொருளின் மதிப்பில் சேரும். தமிழ் வாசகருக்கு இங்கே நெருக்கமான ஒன்று உண்டு. ஜப்பானியர் சராசா என்று அழைத்த பூவச்சுப் பருத்தித் துணிகள் சோழமண்டலக் கரையிலிருந்து டச்சுக் கப்பல்களில் போனவை. தேநீர்க்காரர்கள் அவற்றின் சிறு துண்டுகளைக்கூடப் போற்றி, பைகளுக்கும் பொருளைச் சுற்றவும் பயன்படுத்தினார்கள். கோடு போட்ட ஒரு துணி வகைக்கு அவர்கள் வைத்த பெயர் சந்தோமே. மயிலாப்பூரை அடுத்த நம் சாந்தோம்தான் அது.

ஒரு கிண்ணத்தைப் பார்ப்பது எப்படி

அவர் வாங்கியவற்றில் முதலில் அறிய வேண்டியது ‘கிசாயெமோன் இடோ’. இடோ என்பது கிண்ண வகையின் பெயர். 16ஆம் நூற்றாண்டுக் கொரியாவில் வனைந்த கிண்ணம், வாய் சுமார் 15 செ.மீ. ஃபுமாய் அதற்கு 550 ரியோ கொடுத்தார். இதை வைத்திருப்பவருக்குக் கட்டி வரும் என்று ஒரு நம்பிக்கை இருந்தது. விட்டுவிடும்படி மனைவி கேட்டும் அவர் விடவில்லை என்பார்கள். அவர் இறந்த பிறகு குடும்பம் அதைக் கோஹோ-ஆனுக்கே கொடுத்துவிட்டது. இன்று தேசியப் பொக்கிஷம். எப்போதாவதுதான் வெளியே வரும்.

முதன்முறை படத்தில் பார்க்கும்போது இதில் என்ன இருக்கிறது என்றே தோன்றும். கோணலான வாய், விரிசல், ஒட்டுப்போட்ட தழும்பு. அழகான இடத்தைத் தேடாமல் ஒழுங்காக வரிசைப்படி பாருங்கள். முதலில் தூர நின்று முழு உருவம்: அடியிலிருந்து வாய்வரை கோடு எப்படி விரிகிறது. அடுத்து வாய்விளிம்பு. அடுத்து உட்குழி, தேநீரின் கடைசித் துளி தேங்கும் இடம். பிறகு வெளிப்புறத்தில் குயவன் விரல் சுழன்ற வரிகள். கடைசியில் அடிவளையம். இடோ கிண்ணங்களில் அங்கேதான் மெருகு சுருண்டு முத்து முத்தாகத் திரண்டிருக்கும்; அதைக் கய்ராகி என்பார்கள். சூளையில் மெருகு முழுதாக உருகாததால் வரும் குறை அது. அந்தக் குறையையே தேநீர்க்காரர்கள் தேடிப் பார்ப்பார்கள்.

உண்மையான கிண்ணம் கையில் கிடைக்கும் வாய்ப்பு வந்தால், மோதிரமும் கைக்கடிகாரமும் கழற்றிவிட்டு, முழங்கைகளைத் தொடையில் ஊன்றி, பாயிலிருந்து ஒரு சாண் உயரத்துக்குமேல் தூக்காமல் பாருங்கள். நழுவினாலும் உடையாத உயரம் அது.

டோக்கியோ தேசிய அருங்காட்சியகத்தில் ஃபுமாய் சேகரித்த எழுத்தோவியம் ஒன்று உள்ளது: ‘எங்கோ’ என்று ஜப்பானியர் அழைக்கும் சீன ஸென் துறவி 1124இல் எழுதியது, தேசியப் பொக்கிஷம். அவர் அதனோடு இணையாகப் போற்றிய தூள் ஜாடி அபுராயா கதட்சுகி, அதே நகரில் ஹதகேயாமா சேகரிப்பில் உள்ளது. இரண்டும் எப்போதும் காட்சியில் இருக்காது. போகும் மாதத்தின் காட்சிப் பட்டியலைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

மட்சுவேயில் ஒரு நாள்

ஒகயாமாவிலிருந்து ரயிலில் இரண்டரை மணி நேரத்தில் மட்சுவே. காலையில் கோட்டை (1611இல் முடிந்தது), அதன் வடக்கு அகழியோரம் நடந்தால் தனாபே கலை அருங்காட்சியகம். ஃபுமாய் ஊக்கிய ரகுசான், ஃபுஜினா மட்பாண்டங்களை இங்கே பார்க்கலாம். பக்கத்துக் குன்றின் மேல் மெய்மெய்-ஆன் என்ற தேநீர்க் குடில். 1779இல் கட்டியது, டோக்கியோவரை இடம்பெயர்ந்து அலைந்து, 1966இல் இங்கே நிலைபெற்றது. அறை இரண்டே முக்கால் பாய் அளவுதான். வெளியிலிருந்துதான் உள்ளே பார்க்க முடியும். பக்கத்து அறையில் உட்கார்ந்து தேநீரும் இனிப்பும் வாங்கிக் குடிக்கலாம். குன்றிலிருந்து கோட்டை தெரியும்.

இன்னும் சிறியது நகருக்கு வெளியே உள்ள கந்தென்-ஆன்: ஒன்றேமுக்கால் பாய். பிரபு பருந்து வேட்டைக்கு வரும்போது இளைப்பாறும் இடம். தேநீருக்கு முன் விருந்தினர் வியர்த்துக் குளிக்க நீராவிக் குளியலறையும் உண்டு. இது எல்லா நாளும் திறந்திருக்காது, முன்கூட்டியே விசாரியுங்கள். எடோவின் (இன்றைய டோக்கியோ) ஓசாகியில் பதினோரு தேநீர் அறைகளோடு அவர் அமைத்த மாளிகையோ, 1853இல் அமெரிக்கக் கப்பல்கள் வந்தபோது கடற்காவலுக்காக எடுக்கப்பட்டு அழிந்தது. இருப்பதைப் பார்க்கும்போது அதையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

மாலையைக் கெஷ்ஷோஜி கோயிலுக்கு வையுங்கள். மட்சுவேயின் ஒன்பது பிரபுக்களின் கல்லறைகள் அங்கே வரிசையாக உள்ளன. பெரும்பாலானோர் கல் ஆமையைப் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுவார்கள். ஏழாம் பிரபுவின் வாசலைத் தேடிப் போய் மேலே பாருங்கள். மரத்தில் திராட்சைக் கொத்து குடைந்திருக்கும். கோபாயாஷி ஜொதேய் என்ற தச்சரின் வேலை என்பது வழிவழிச் செய்தி. ஜொதேய் என்றால் ‘சேற்றைப் போல’ என்று பொருள். அந்த அளவுக்குக் குடிப்பார் என்பதால் ஃபுமாய் வைத்த பெயர் அது. சாயும் வெயில் பக்கவாட்டில் விழும் நேரத்தில் பார்த்தால், கொத்தின் பழங்கள் தனித்தனியாகத் தெரியும்.